இன்லைனா, ஸ்பெஷலைஸா: ஒரே லூப்புக்கு 640, 160, 0 என மூன்று கணக்கு வருவது ஏன்?

காசிமேட்டுக்கரை | பதிவு 1

வணக்கம். கேள்வி ஹாஸ்கெல் பற்றியது. கம்பைலர் ஜிஎச்சி 9.4, மேம்படுத்தல் அளவு ஓ1, 64 பிட் லினக்ஸ். கொடிகளின் பெயரை உச்சரிப்பாகவே எழுதுகிறேன்.

காசிமேடு துறைமுகத்து ஏலச் சீட்டுகளைக் கூட்டும் நிரல் இது. ஒரு சீட்டில் படகு எண், மீன் வகை, கிலோ, ரூபாய் என்று நான்கு புலம். கிலோவும் ரூபாயும் இன்ட் மேல் போட்ட நியூடைப், அதாவது உள்ளே அதே முழு எண், டைப்பின் பெயர் மட்டும் வேறு. புலங்கள் எல்லாம் ஸ்ட்ரிக்ட், மதிப்பு உடனே கணக்கிடப்படும். கூட்டும் இடம் மட்டும் சுருக்கி:

```
வகுப்பு அளவு வ
  சுழி   :: வ
  கூட்டு :: வ -> வ -> வ

மொத்தம் :: அளவு வ => (சீட்டு -> வ) -> [சீட்டு] -> வ
மொத்தம் எடு பட்டியல் = ஓடு சுழி பட்டியல்
  இங்கே
    ஓடு !சேர் []         = சேர்
    ஓடு !சேர் (த : மீதி) = ஓடு (கூட்டு சேர் (எடு த)) மீதி
```

உண்மையான ஃபங்ஷன் நாற்பது வரி: ரத்தான சீட்டு, இரட்டைப் பதிவு, தவறான எடை எல்லாம் உள்ளேயே சரிபார்க்கப்படுகிறது. சோதனைக்கு 1 கோடி சீட்டு. பட்டியலை உருவாக்கும் செலவைக் கழித்துவிட்டு, ஆர்டிஎஸ் (ஹாஸ்கெலின் ஓட்டநேர அமைப்பு) கணக்கில் இந்த லூப் மட்டும் ஒதுக்கும் நினைவகம்:

எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தபோது 160 எம்பி. 'மொத்தம்' தனி மாட்யூலுக்குப் போனதும் 640 எம்பி. அங்கே இன்லைனபிள் ப்ராக்மா (கம்பைலருக்கு எழுதும் குறிப்பு) போட்டால் மறுபடி 160. இன்லைன் போட்டால் கிட்டத்தட்ட 0. ஆனால் முப்பது இடத்தில் அழைப்பு இருப்பதால் கம்பைல் இழுக்கிறது, ஆப்ஜெக்ட் ஃபைலும் வீங்குகிறது.

இரண்டு ப்ராக்மாவும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்றால் 160-க்கும் 0-க்கும் நடுவில் என்ன இருக்கிறது?

வண்ணை_வரிசை | பதிவு 2

ரெண்டும் ஒரே வேலை இல்லைங்க. இன்லைன் கூப்பிடுற இடத்துக்கு ஒரு நகல். இன்லைனபிள் போட்டா நடக்கிறது ஸ்பெஷலைஸ், அது டைப்புக்கு ஒரு நகல். உங்ககிட்ட முப்பது இடம், ஆனா டைப் ரெண்டுதான். கம்பைல் நேரம் ஏன் இழுக்குதுன்னு அதுலயே பதில் இருக்கு.

பேசின்பிரிட்ஜ் | பதிவு 3

எண்கள் மூன்றும் 16-ஆல் வகுபடுவதைக் கவனியுங்கள். சீட்டு ஒன்றுக்கு 64 பைட், 16 பைட், 0 பைட். ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் கேள்விக்கு விடை வந்துவிடும்.

முதலில் 64. 'மொத்தம்' எந்த டைப்புக்கு ஓடுகிறது என்று தெரியாமல் கம்பைல் ஆகியிருக்கிறது. அளவு வகுப்பின் டிக்‌ஷனரி (அந்த டைப்புக்கான 'சுழி', 'கூட்டு' இரண்டும் அடங்கிய அட்டவணை) ஒரு மறைமுக வாதமாக உள்ளே வருகிறது. பட்டறையில் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டே வேலை செய்கிற மாதிரி: 'கூட்டு' வேண்டுமென்றால் பெட்டிக்குள் கைவிட்டு எடுக்க வேண்டும். எடுக்கும் செலவு சின்னது. பெரிய செலவு வேறு: எடுத்த ஃபங்ஷன் தன் வாதங்களை உடனே மதிப்பிடுமா, மதிப்பிடாமல் வைத்திருக்குமா என்று கம்பைலருக்குத் தெரியாது. தெரியாதபோது சோம்பலாகத்தான் கொடுத்தாக வேண்டும். ஆகவே 'எடு த' என்பதை அப்போதே கணக்கிடாமல் ஒரு தங்க் கட்டுகிறது. தங்க்குக்கு ஹெடர் 2 சொல், உள்ளே 'எடு', 'த' என்று 2 சொல்; மொத்தம் 4 சொல், 32 பைட். பிறகு 'கூட்டு' அந்தத் தங்க்கைக் கிளறும்போது 'எடு' ஓடி, சீட்டுக்குள் பாக்ஸ் இல்லாமல் கிடக்கும் எண்ணை வெளியே கொடுக்க ஒரு பாக்ஸ் கட்டுகிறது: ஹெடர் 1, எண் 1, ஆக 16 பைட். கூட்டிய விடைக்கு இன்னொரு பாக்ஸ், 16. 32 + 16 + 16 = 64.

ஸ்ட்ரிக்ட் புலமாக இருப்பதால்தான் நடுவில் அந்த 16. சின்ன ஸ்ட்ரிக்ட் புலங்களை ஜிஎச்சி தானாகவே பிரித்து உள்ளே வைத்துவிடும். வெளியே எடுக்கும்போது திரும்பப் பாக்ஸ் போட வேண்டியிருக்கிறது.

இப்போது இன்லைனபிள். 'வ' என்பது கிலோ என்று தெரிந்த நகல் உருவாகிறது. 'கூட்டு' வெறும் எந்திரக் கூட்டலாகிவிட்டது. அது இரண்டு பக்கத்தையும் உடனே கேட்கும் என்று கம்பைலருக்குத் தெரியும். தங்க் போய்விட்டது. 'சேர்' பாக்ஸ் இல்லாமல் ரெஜிஸ்டரிலேயே சுற்றுகிறது. மிஞ்சுவது 'எடு'. அது இன்னமும் ஓட்ட நேரத்தில் வரும் முகம் தெரியாத ஃபங்ஷன். தெரியாத ஃபங்ஷன் விடையைப் பாக்ஸில்தான் கொடுக்கும். 16 பைட்.

இன்லைன் போட்டபோது 'மொத்தம் கிலோ சீட்டுகள்' என்ற இடத்திலேயே உடல் விரிந்தது. 'எடு' என்பது கிலோ புலம்தான் என்று தெரிந்துவிட்டது. அந்த 16-உம் போய்விட்டது.

ஆக, ஸ்பெஷலைசர் பார்ப்பது டிக்‌ஷனரியை மட்டும். 'எடு' மாதிரி சாதாரண ஃபங்ஷன் வாதத்துக்கு அது நகல் எடுக்காது. உங்கள் 'மொத்தம்' இரண்டு வகை வாதத்தையும் ஒன்றாக வாங்குகிறது. அதனால்தான் இன்லைனபிள் பாதி வேலையோடு நிற்கிறது.

காசிமேட்டுக்கரை | பதிவு 4

64-ஐ இப்படிப் பிரித்துக் காட்டியதற்கு மிக்க நன்றி. ஒன்று மட்டும்: ஃபைலைப் பிரித்ததும் ஏன் கெட்டது? ஃபங்ஷனின் உடல் இன்டர்ஃபேஸ் ஃபைலில் (மற்ற மாட்யூல்கள் படிப்பதற்காகக் கம்பைலர் எழுதுவது) இருக்கிறது. 'ஷோ-ஐஃபேஸ்' போட்டுப் பார்த்தால் தெரிகிறது.

பேசின்பிரிட்ஜ் | பதிவு 5

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. உடல் தெரிவது ஒன்று, அதை ஸ்பெஷலைஸ் செய்ய அனுமதி இருப்பது வேறொன்று.

ஒரே மாட்யூலுக்குள் இருக்கும் ஓவர்லோட் ஆன, அதாவது வகுப்பு டிக்‌ஷனரி வாங்கும் ஃபங்ஷனை, தெரிந்த டைப்பில் அழைத்தால் ஸ்பெஷலைசர் கேட்காமலே நகல் எடுக்கும். இறக்குமதியான ஃபங்ஷன் என்றால் ஒரு நிபந்தனை உண்டு: எழுதியவர் இன்லைன் அல்லது இன்லைனபிள் போட்டு அந்த உடலை நிலையாக வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல், அளவு சிறியது என்பதற்காகத் தற்செயலாக இன்டர்ஃபேஸில் ஏறிய உடலைத் தொடாது. 'ஸ்பெஷலைஸ்-அக்ரெஸிவ்லி' கொடி இருந்தால் மட்டும் தொடும்.

இன்டர்ஃபேஸில் ஏறுவதற்கான வரம்பு 750. அழைக்கும் இடத்தில் விரிவதற்கான வரம்பு இப்போது 90. பழைய பதிப்புகளில் 60. டிக்‌ஷனரி வாதம் இருந்தால் 30 தள்ளுபடி, ஃபங்ஷன் வாதம் இருந்தால் 60 தள்ளுபடி. நாற்பது வரி ஃபங்ஷன் 750-க்குள் அடங்கி ஏறிவிட்டது, ஆனால் 90-ஐத் தாண்டுவதால் விரியவில்லை. அனுமதி இல்லாததால் ஸ்பெஷலைஸும் ஆகவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது.

கொருக்குப்பேட்டை_கேட் | பதிவு 6

அப்போ எல்லா மாட்யூலுக்கும், எல்லா உடலையும் இன்டர்ஃபேஸ்ல ஏத்துற 'எக்ஸ்போஸ்-ஆல்-அன்ஃபோல்டிங்ஸ்', 'ஸ்பெஷலைஸ்-அக்ரெஸிவ்லி' ரெண்டையும் கேபல் ஃபைல்லயே (பேக்கேஜ் அமைப்பு எழுதுற ஃபைல்) போட்டுட்டா முடிஞ்சுது. ப்ராக்மாவே தேவையில்லை.

வண்ணை_வரிசை | பதிவு 7

சின்ன நிரலுக்கு ஓடும். நான் ஒத்துக்கமாட்டேன், காரணம் சொல்றேன்.

இன்லைனபிள் போட்டா இன்டர்ஃபேஸ்ல ஏறுறது நீங்க எழுதின அசல் உடல். கொடி போட்டு ஏத்துனா ஏறுறது எல்லா மாற்றமும் முடிஞ்ச பிறகு இருக்கிற உடல். பல இடத்துல அது ஏற்கெனவே விரிஞ்சு பெருத்திருக்கும். அதை ஒவ்வொரு மாட்யூலும் திரும்ப நகல் எடுக்கும்.

அப்புறம், ஒண்ணை ஒண்ணு இறக்குமதி பண்ணாத ரெண்டு மாட்யூல் ஒரே ஃபங்ஷனை கிலோவுக்கு ஸ்பெஷலைஸ் பண்ணா, ரெண்டு தனித்தனி நகல் வரும். ஒருத்தர் எடுத்த நகல் இன்னொருத்தருக்குத் தெரியாது. பத்து மாட்யூல்னா பத்து. அதைத் தடுக்கணும்னா டைப் தெரிஞ்ச பொது மாட்யூல் ஒண்ணுல ஸ்பெஷலைஸ் ப்ராக்மாவைக் கையால எழுதிட்டு, எல்லாரும் அதை இறக்குமதி பண்ணணும். இறக்குமதியான ஃபங்ஷனுக்கும் அந்த ப்ராக்மா எழுதலாம். மூலத்துல இன்லைனபிள் இருக்கணும், அவ்வளவுதான்.

கொடிங்கிறது எங்க ஓட்டைன்னு கண்டுபிடிக்க நல்ல கருவி. போட்டுப் பாருங்க, வேகம் கூடிச்சுன்னா எந்த ஃபங்ஷனால கூடிச்சுன்னு தேடி அதுக்கு மட்டும் ப்ராக்மா எழுதுங்க. 'ஆல்-மிஸ்ட்-ஸ்பெஷலைசேஷன்ஸ்' எச்சரிக்கையைத் திறந்தாலே பாதி பட்டியல் கிடைச்சுடும்.

எண்ணூர்_அலை | பதிவு 8

இங்கே 'மொத்தம்' நல்லபடியாக எழுதப்பட்டிருப்பதால்தான் இன்லைன் 0 கொடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளியே இருக்கும் 'மொத்தம்' தன்னைத் தானே அழைப்பதில்லை; சுற்றுவது உள்ளே இருக்கும் 'ஓடு'. இதையே இப்படி எழுதியிருந்தால்:

```
மொத்தம் எடு சேர் []         = சேர்
மொத்தம் எடு சேர் (த : மீதி) = மொத்தம் எடு (கூட்டு சேர் (எடு த)) மீதி
```

இன்லைன் ப்ராக்மா வீண். தன்னையே அழைக்கும் ஃபங்ஷனை விரித்துக்கொண்டே போனால் முடிவே கிடையாது. அதனால் ஒவ்வொரு சுழற்சிக் கூட்டத்திலும் ஒருவரை 'லூப் ப்ரேக்கர்' என்று கம்பைலர் குறித்துவிடும். குறிக்கப்பட்டவர் விரிவதில்லை. இங்கே இருப்பது ஒரே ஆள், அவரே ப்ரேக்கர்.

இன்லைனபிள் இதற்கு அப்படியே வேலை செய்யும். ஸ்பெஷலைசர் முழு ஃபங்ஷனையும் கிலோவுக்கு நகல் எடுத்து, நகலுக்குள் இருக்கும் சுய அழைப்பையும் நகலுக்கே திருப்பிவிடும். ஆகவே தன்னையே அழைக்கும் ஓவர்லோட் ஃபங்ஷன் என்றால் இன்லைனபிள். ஃபங்ஷன் வாதமும் கரைய வேண்டும் என்றால் வெளிக்கூடு, உள்லூப் என்று பிரித்து வெளிக்கூட்டுக்கு இன்லைன்.

பிரிக்கும்போது ஒரு கவனம்: 'எடு' உள்லூப்பின் வாதமாகச் சுற்றக்கூடாது. 'ஓடு எடு சேர் பட்டியல்' என்று எழுதினால், கூடு விரிந்த பிறகும் லூப்புக்குள் 'எடு' ஒரு வாதம்தான். கம்பைலர் அதைத் தெரியாததாகவே பார்க்கும். வெளியிலிருந்து பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும், காசிமேட்டுக்கரை எழுதியிருப்பது போல. மாறாத வாதத்தைத் தானே வெளியே தள்ளும் மாற்றம் ஜிஎச்சியில் உண்டு, 'ஸ்டாட்டிக்-ஆர்க்யூமென்ட்' கொடி. ஆனால் ஓ2-விலும் அது இயல்பாக இயங்காது.

டோல்கேட்_தம்பி | பதிவு 9

புதுசா கத்துக்கிறவன் கேட்கிறேன் அண்ணே. ஒரே அழைப்பை இன்லைனரும் எடுக்கலாம், ஸ்பெஷலைசரும் எடுக்கலாம்னா யாரு முதல்ல?

பேசின்பிரிட்ஜ் | பதிவு 10

நல்ல கேள்வி தம்பி. தலைப்பின் உயிரே இதுதான்.

ஓட்டம் இப்படி. முதலில் சிம்ப்ளிஃபையரின் (உடல்களை விரித்துச் சுருக்கும் பகுதி) ஒரு மென்மையான சுற்று. அடுத்து ஸ்பெஷலைசர், ஒரே ஒருமுறை. பிறகு ஃப்ளோட்-அவுட். பிறகு சிம்ப்ளிஃபையர் கட்டம் 2, 1, 0. அதற்குப் பின் டிமாண்ட் அலசலும் (எந்த வாதம் கட்டாயம் மதிப்பிடப்படும் என்று பார்ப்பது) வொர்க்கர்-ராப்பர் பிரிப்பும் (அந்த வாதங்களின் பாக்ஸைக் கழற்றி ஓடும் உடலைத் தனியாக்குவது). ஓ2 என்றால் லிபரேட்-கேஸ், ஸ்பெக்-கன்ஸ்ட்ரும் சேரும்.

ஸ்பெஷலைசர் செய்வது இரண்டு காரியம். நகலை உருவாக்குகிறது. கூடவே 'மொத்தம்-ஐ கிலோ டிக்‌ஷனரியோடு கண்டால் நகலாக மாற்று' என்று ஒரு ரூல் எழுதி வைக்கிறது. அழைப்பு நகலுக்குத் திரும்புவது அந்த ரூல் சுடும்போதுதான். ரூல் பொருந்த 'மொத்தம்' என்ற பெயர் அங்கே இருக்க வேண்டும். இன்லைன் முந்தி அந்தப் பெயரைக் கரைத்துவிட்டால் ரூலுக்குப் பிடி இல்லை. அது நஷ்டமில்லை, விரிந்த உடலில் டைப் தெரிந்துவிட்டது.

நஷ்டம் வருவது எதிர்த் திசையில். ஒரு ஃபங்ஷன் தாமதமாக விரிகிறது என்று வை. இன்லைன் கட்டம் 1 என்று போட்டிருக்கலாம், அல்லது வேறொரு சுருக்கம் நடந்த பிறகே டிக்‌ஷனரி எது என்று தெளியலாம். அப்போது அதற்குள்ளிருந்து புதிதாக ஓர் ஓவர்லோட் அழைப்பு வெளிப்படும். ஸ்பெஷலைசர் எப்போதோ போய்விட்டது. அந்த அழைப்பு கடைசி வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டே ஓடும். இதற்குத்தான் 'லேட்-ஸ்பெஷலைஸ்' கொடி, கடைசிப் பக்கம் இன்னொரு சுற்று. தானாக வராது, கேட்டுப் போட வேண்டும்.

8-ஆம் தொடர் வரை முதல் மென்மையான சுற்றில் எதுவும் விரியாது. 9-இலிருந்து விரியும். ஆகவே பழைய பதிப்புக்கு எழுதிய ஆலோசனையை அப்படியே நம்பாதே.

எண்ணூர்_அலை | பதிவு 11

ரூல் பேச்சு வந்ததால் ஒரு சேர்க்கை. 'மொத்தம்' மேல் நீங்களே ரூல் எழுதினால் இரண்டு பக்கமும் போட்டி. இன்லைன் முந்தினால் உங்கள் ரூல் சுடாது. "இது முதலில் விரிந்துவிடக்கூடும், ரூல் சுடாமல் போகலாம்" என்ற பொருளில் எச்சரிக்கை வரும். ஸ்பெஷலைசரின் ரூல் முந்தினாலும் உங்கள் ரூல் சுடாது. அப்போது பெயரே மாறிப்போயிருக்கும்.

வழி: கட்ட எண் போட்டு இன்லைன் 1 அல்லது நோஇன்லைன் 1 என்று எழுதுவது. அந்த எண்ணை ஸ்பெஷலைசரின் ரூலும் வாங்கிக்கொள்கிறது. நீங்கள் 1 என்று எழுதினால் தானியங்கி ரூலும் கட்டம் 1 வரை காத்திருக்கும். அதுவரை களம் உங்கள் ரூலுக்கு.

அதே காரணத்தால், எண் இல்லாத வெறும் நோஇன்லைன் போட்டால் தானியங்கி ஸ்பெஷலைஸும் நின்றுவிடும். ஒருபோதும் சுடாத ரூலுக்கு நகல் எதற்கு என்று ஸ்பெஷலைசர் விட்டுவிடுகிறது. அளவெடுக்க வசதியாக இருக்கட்டும் என்று சூடான ஃபங்ஷனுக்கு நோஇன்லைன் போட்டுவிட்டு, வேகம் விழுந்ததற்குக் காரணம் தேடுவது இதனால்தான். வொர்க்கர்-ராப்பர் பிரிப்பு மட்டும் நோஇன்லைனையும் மீறி நடக்கும்; அதுவும் வேண்டாமென்றால் 9.4-இல் வந்த ஓபேக் ப்ராக்மா.

வகுப்பின் மெத்தட் மேல் நேராக ரூல் எழுதாதீர்கள். டைப் தெரிந்ததும் 'கூட்டு' என்ற பெயர் இன்ஸ்டன்ஸின் உள்பெயராகிவிடும்.

கொருக்குப்பேட்டை_கேட் | பதிவு 12

டம்ப்ல (கம்பைலர் வெளியே கொட்டுற இடைநிலை வடிவம்) இதெல்லாம் எப்படிப் பார்க்கிறது? ஒரு தடவை திறந்தா ஆயிரம் வரி வருது.

வண்ணை_வரிசை | பதிவு 13

ஓ1 இல்லைன்னா ஓ2-வோட 'டம்ப்-சிம்ப்ள்', 'டம்ப்-டு-ஃபைல்', 'சப்ரெஸ்-ஆல்', 'சப்ரெஸ்-யூனிக்ஸ்' நாலையும் போடுங்க. ஆப்ஜெக்ட் பக்கத்துலயே டம்ப் ஃபைல் வந்து உட்காரும். முழுசாப் படிக்காதீங்க, பெயருக்கு முன்னாடி ஒட்டியிருக்கிறதைத் தேடுங்க.

டாலர் எஸ் ஒட்டியிருந்தா ஸ்பெஷலைஸ் ஆன நகல். டாலர் டபிள்யூ ஒட்டியிருந்தா வொர்க்கர்; பாக்ஸ் கழட்டின வாதங்களோட சுத்துற லூப். டாலர் எஃப் ஒட்டியிருந்தா இன்ஸ்டன்ஸ் டிக்‌ஷனரி. உங்க சூடான அழைப்புக்குப் பக்கத்துல டாலர் எஃப் ஏதாவது வாதமா நிக்குதுன்னா அங்க ஸ்பெஷலைஸ் தவறிப்போச்சு. எதையும் படிக்காம இந்த ஒண்ணை மட்டும் தேடினாலே போதும்.

கூட்டல் குறிக்குப் பின்னாடி ஹாஷ் வந்தா எந்திரக் கூட்டல், நிம்மதியா மூடிடலாம்.

ரூல் சுட்டுச்சான்னு பார்க்க 'டம்ப்-ரூல்-ஃபயரிங்ஸ்'. எது விரிஞ்சுதுன்னு பார்க்க 'டம்ப்-இன்லைனிங்ஸ்'. நகல் என்ன ரூலோட வந்துச்சுன்னு பார்க்க 'டம்ப்-ஸ்பெக்'.

இன்னொண்ணு, ரொம்பப் பேரைச் சுத்த விடுறது: ப்ராஜெக்ட் ஃபைல்ல ஆப்டிமைசேஷனை நிறுத்தி வெச்சுட்டு டம்ப் பார்க்கிறது. ஓ0-வுல இன்டர்ஃபேஸ்ல உடலே எழுதப்படாது, இறக்குமதி பண்ணுறவரும் படிக்கமாட்டார். இன்லைனபிள் நூறு போட்டாலும் ஒண்ணும் நடக்காது. ப்ரொஃபைல் பில்டும் அப்படித்தான். எல்லா ஃபங்ஷனுக்கும் காஸ்ட் சென்டர் (செலவை எண்ணுற குறி) போட்டா அது விரிவைத் தடுத்து வேற நிரலை அளக்கிற மாதிரி ஆயிடும். 9.4-ல 'ப்ரொஃப்-லேட்' இருக்கு, மாற்றங்கள் முடிஞ்ச பிறகு காஸ்ட் சென்டர் போடும். அதை வெச்சு அளங்க.

டோல்கேட்_தம்பி | பதிவு 14

டிமாண்ட் அலசல் ஸ்ட்ரிக்ட் வாதத்தை எல்லாம் பாக்ஸ் கழட்டிடும்னு சொல்றீங்க. டிக்‌ஷனரியும் ஒரு வாதம்தானே? அதையும் கழட்டி 'கூட்டு' ஒண்ணை மட்டும் அனுப்பினா ஸ்பெஷலைஸே வேணாமே?

பேசின்பிரிட்ஜ் | பதிவு 15

கழட்டலாம், வேண்டுமென்றே கழட்டுவதில்லை. கழட்டினால் வொர்க்கருக்குக் கிடைப்பது முகம் தெரியாத ஒரு ஃபங்ஷன். 'இது கிலோவின் அளவு டிக்‌ஷனரி' என்ற அடையாளம் அழிந்துபோகும். பின்னால் வேறொரு மாட்யூல் அந்த வொர்க்கரைக் கிலோவுக்கு ஸ்பெஷலைஸ் செய்ய நினைத்தாலும் எதைப் பார்த்து ரூல் எழுதும்? ஸ்பெஷலைசர் டிக்‌ஷனரியைத்தான் படிக்கும் என்று மேலே சொன்னோம். ஒரு சின்ன மிச்சத்துக்காகப் பெரிய லாபத்தை இழக்க வேண்டாம் என்பது அங்கே எடுத்த முடிவு. இன்லைனபிள் ஃபங்ஷன் வொர்க்கராகப் பிரியும்போது வொர்க்கருக்கும் அந்த நிலையான உடல் போய்ச் சேர்வதும் இதே அக்கறையால்தான்.

பெரம்பூர்_லோகோ | பதிவு 16

'மொத்தம்' ஒற்றை அடுக்கு. மோனாட் வகுப்பு வைத்து எழுதும் நிரல்களில் இதே நோய் பல மடங்கு. 'நிலை ம => ம ()' என்ற வடிவில் இருபது ஃபங்ஷன் ஒன்றையொன்று அழைத்தால், ஒவ்வொரு வரிக்கும் நடுவில் இருக்கும் பைண்ட் (ஒரு படியை அடுத்த படியோடு இணைப்பது) ஒரு முகம் தெரியாத அழைப்பு. 'அடுத்து செய்ய வேண்டியது' முழுவதும் ஒரு க்ளோஷராக ஹீப்பில் கட்டப்படும். ஸ்பெஷலைஸ் ஆனால் அதே பைண்ட் வெறும் வரிசை ஓட்டமாகிவிடும்.

இங்கே விதி சங்கிலி விதி. மேலே இருக்கும் ஃபங்ஷன் தெரிந்த மோனாடுக்கு நகலானால்தான் அதற்குள் இருக்கும் அழைப்பின் டிக்‌ஷனரி தெரியவரும்; அந்த அடுத்த ஃபங்ஷனுக்கும் இன்லைனபிள் இருந்தால்தான் அதற்கும் கீழே இறங்கும். நடுவில் ஒரே ஒரு ஃபங்ஷனில் ப்ராக்மா விடுபட்டால் அதற்குக் கீழே எத்தனை அடுக்கு இருந்தாலும் எல்லாம் டிக்‌ஷனரியோடுதான் ஓடும். கீழே இருப்பவற்றில் எவ்வளவு ப்ராக்மா போட்டும் பயனில்லை. ஆகவே மேலிருந்து கீழாகச் சரிபாருங்கள். நகல் வரிசை எந்தப் பெயரோடு நிற்கிறதோ அதற்கு அடுத்ததுதான் குற்றவாளி.

எக்ஸிஸ்டென்ஷியலுக்குள் (உள்ளே என்ன டைப் என்பதை மறைக்கும் டைப்) டிக்‌ஷனரியைப் பொதிந்து வைத்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் டைப் வளர்ந்துகொண்டே போகும் பாலிமார்ஃபிக் ரிகர்ஷனிலும் எந்த ப்ராக்மாவும் காப்பாற்றாது. டிக்‌ஷனரி ஓட்ட நேரத்தில்தான் பிறக்கிறது.

எண்ணூர்_அலை | பதிவு 17

அதனால்தான் ஸ்டாண்டர்ட் எம்எல் கம்பைலரான எம்எல்டன் வேறு பாதை போக முடிந்தது. ஸ்டாண்டர்ட் எம்எல்லில் பாலிமார்ஃபிக் ரிகர்ஷன் கிடையாது. தேவையான டைப்கள் எண்ணி முடிக்கக்கூடியவை. முழு நிரலையும் ஒன்றாகப் பார்த்து, ஃபங்க்டர்களைக் கரைத்து, எல்லாவற்றையும் டைப்புக்கு ஒரு நகலாக்கிவிடுகிறது. ப்ராக்மா விவாதமே அங்கே எழாது. விலை, ஒரு வரி மாற்றினாலும் முழு நிரலும் மறுபடி.

ஓகேமல் பக்கம், 4.03-இல் 2016-இல் வந்த ஃப்ளாம்டா என்ற மேம்படுத்தி இருந்தால், இன்லைன், ஸ்பெஷலைஸ் என்று தனித்தனிக் குறிகள் உண்டு. ஜிஎச்சியிலிருந்து ஒரு முக்கியமான வேறுபாடு: அங்கே தன்னையே அழைக்கும் ஃபங்ஷனை அதன் மாறாத ஃபங்ஷன் வாதத்துக்கே நகல் எடுக்க முடியும். நமது 'எடு' போன்றதைத்தான் சொல்கிறேன். என்ன நடந்தது என்று பார்க்க 'இன்லைனிங்-ரிப்போர்ட்' கொடி.

கொருக்குப்பேட்டை_கேட் | பதிவு 18

ஸ்பெக்-கன்ஸ்ட்ர் இதுல எங்க வருது? அதுவும் டாலர் எஸ்-னுதான் பெயர் வைக்குது.

பேசின்பிரிட்ஜ் | பதிவு 19

பெயர் ஒன்று, ஆள் வேறு. ஸ்பெஷலைசர் டைப்பைப் பார்க்கிறது. ஸ்பெக்-கன்ஸ்ட்ர் லூப் தன்னையே எந்த வடிவ மதிப்போடு அழைக்கிறது என்று பார்க்கிறது. 'சேர்' ஒரு ஜோடியாகவோ 'ஜஸ்ட்' ஆகவோ சுற்றினால், அந்த வடிவத்துக்கு ஒரு நகல் எடுத்து உள்ளே இருப்பதை நேராக அனுப்பும். ஓ2-வில் மட்டும். ஃபங்ஷனின் அளவு வரம்பு 2000, ஒரு ஃபங்ஷனுக்கு 3 நகல். இது சைமன் பெய்டன் ஜோன்ஸ் 2007-இல் எழுதி விளக்கியது. உங்கள் 'சேர்' ஒற்றை எண் என்பதால் இங்கே வேலை இல்லை. டிக்‌ஷனரி போகாத லூப்பில் இது அதிகம் கண்டுபிடிக்காது. 'கூட்டு' என்ன வடிவம் திருப்பித் தரும் என்றே தெரியாதே. ஆகவே ஸ்பெஷலைஸ் முதலில் நடந்திருக்க வேண்டும்.

காசிமேட்டுக்கரை | பதிவு 20

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி மாற்றிப் பார்த்தேன்.

```
இன்லைன் மொத்தம்
மொத்தம் எடு பட்டியல் = ஓடு சுழி பட்டியல்
  இங்கே
    ஓடு !சேர் [] = சேர்
    ஓடு !சேர் (த : மீதி)
      | செல்லும் த = ஓடு (கூட்டு சேர் (எடு த)) மீதி
      | இல்லையேல்  = ஓடு சேர் மீதி

இன்லைனபிள் வரம்புக்குள்
வரம்புக்குள் :: அளவு வ => வ -> வ -> பூல்
```

நாற்பது வரியில் சரிபார்ப்பு எல்லாம் 'செல்லும்' என்ற தனி ஃபங்ஷனுக்குப் போய்விட்டது. அதற்கு டிக்‌ஷனரியும் வேண்டாம், 'எடு'-வும் வேண்டாம். சீட்டு மட்டும் போதும். ஆகவே ப்ராக்மா இல்லாமல் ஒரே நகல். தவறான எடையைப் பிடிக்கும் 'வரம்புக்குள்' மட்டும் ஓவர்லோட் ஆனது; அதற்கு இன்லைனபிள். விரிவது ஐந்து வரிக் கூடு மட்டும் என்பதால் முப்பது இடத்தில் விரிந்தாலும் ஆப்ஜெக்ட் ஃபைல் பழைய அளவுக்கே வந்துவிட்டது. டம்ப்பில் டாலர் டபிள்யூ ஓடு, உள்ளே ஹாஷ் கூட்டல். டாலர் எஃப் எங்கும் இல்லை.

ஒரே ஒரு இடம் மட்டும் இன்னும் சீட்டுக்கு 16 பைட் எடுக்கிறது. படகுவாரிக் கணக்கு: `மேப் (மொத்தம் கிலோ) படகுவாரி`. அங்கே டாலர் எஸ் மொத்தம் நிற்கிறது. இன்லைன் போட்டும் ஏன் நகலுக்குப் போனது?

வண்ணை_வரிசை | பதிவு 21

சமக்குறிக்கு இடது பக்கம் ரெண்டு வாதம் எழுதியிருக்கீங்க, அங்க குடுத்தது ஒண்ணு. இடது பக்கம் எத்தனை வாதம் இருக்கோ அத்தனையும் வந்தாத்தான் இன்லைன் விரியும். விரியாம நின்னதால ஸ்பெஷலைசர் எடுத்துக்கிச்சு; இன்லைன் போட்டதையும் அது ஸ்பெஷலைஸ் பண்ணும். டிக்‌ஷனரி போச்சு, 'எடு' மிச்சம், அதே 16.

பட்டியலை வலது பக்கம் தள்ளுங்க:

```
மொத்தம் எடு = \பட்டியல் -> ஓடு சுழி பட்டியல்
```

காசிமேட்டுக்கரை | பதிவு 22

தள்ளினேன். அந்த இடத்திலும் 0. 'இங்கே' பகுதி அப்படியே இருக்கலாம், மாற்ற வேண்டியதில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். 'ஓடு' பிடித்துக்கொள்வது 'எடு'-வை மட்டும்தான்.